பனை நட்டவர்களின் பண்டிகை

(கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ச் சபையொன்றின் அறுப்பின் பண்டிகையில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய சேகர ஆயர் ஐயா அவர்களே, சபைக் கமிட்டியின் செயலர், பொருளாளர் அவர்களே, களியக்காவிளையைத் தாண்டி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்டைச் சபைகளின் ஊழியர்களே, அழைத்தவுடன் மறுக்காமல் வந்த பஞ்சாயத்துத் தலைவர் அம்மா அவர்களே, விடியுமுன்னே அடுப்பு மூட்டி நமக்கு அசன விருந்து ஆயத்தம்பண்ணிய பெண்கள் ஐக்கிய சங்கத்தாரே, உங்கள் அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

யோவான் 15-ஆம் அதிகாரத்திலிருந்து கொடி நிலைத்திருப்பது, தோட்டக்காரர் கொடியைச் சுத்தம்பண்ணுவது, கனி நிலைத்திருப்பது ஆகிய மூன்றைக் குறித்துப் பேச விரும்புகிறேன்.

நம் ஊரில் திராட்சத் தோட்டம் கிடையாது. பலாவில் படர்ந்த நல்லமிளகுக் கொடியே நமக்குத் தெரிந்த கொடி. ஆனால் அந்தக் கொடி பலாவின் சாற்றைக் குடிப்பதில்லை. அதற்குச் சொந்த வேர் மண்ணில் உண்டு; மரத்தை அது பிடித்துக்கொள்ள மட்டுமே பயன்படுத்துகிறது. திராட்சக் கொடியோ செடியின் சாற்றினாலேயே உயிர் வாழ்கிறது. "என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது" என்று ஆண்டவர் சொன்னது அதனால்தான். ஆலயத்தைப் பிடித்துக்கொண்டு, வேரை வேறெங்கோ ஊன்றியிருக்கும் கொடிகளாய் நாம் இருந்துவிடக் கூடாது.

கலாத்தியர் 5:22-23-இல் பவுல் அன்பு தொடங்கி இச்சையடக்கம் வரை ஒன்பதை எண்ணிவிட்டு, அவற்றை "ஆவியின் கனி" என்று ஒருமையிலேயே சொல்கிறார். அவற்றுள் நீடியபொறுமைதான் என்னை அதிகம் தொடுகிறது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள் நம் பெரியவர்கள்.

என் சிறுவயதில் எங்கள் சபையில் ஒரு பாட்டி இருந்தார்கள். அவர்கள் கணவர் நட்ட வருக்கைச் சக்கை மரம், அதாவது பலாமரம், பல வருஷம் காய்க்கவே இல்லை. தடிக்கு விற்றுவிடலாம் என்று மகன் ஆளையும் கூட்டிவந்துவிட்டான். பாட்டி மரத்தடியில் போய் நின்றுகொண்டு, "இது இந்த வருஷமும் இருக்கட்டும்" என்றார்கள். லூக்கா 13-இல் வரும் தோட்டக்காரனின் வார்த்தை அது. அவன் சொன்னபடியே சுற்றிலும் கொத்தி, சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் போட்டார்கள். மறு வருஷம் தூரின் அடியில், மண்ணைத் தொட்டுக்கொண்டு ஒரே ஒரு சக்கை காய்த்தது. அதைத் துணியில் கட்டி, தலையில் சுமந்து, அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லைக்கல் தகராறில் பல வருஷமாய்ப் பாட்டியோடு பேசாதிருந்த பக்கத்து வீட்டுக்காரர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். பாட்டியை அவமானப்படுத்தத்தான் கேட்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். ஏலம் முடிந்ததும் அவர் சக்கையைத் தூக்கிவந்து பாட்டியின் காலடியில் வைத்து, "அம்மா, நீங்களே வெட்டித் தாருங்கள்" என்றார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவி, பிளந்து, முதல் சுளையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். ஆலய முற்றம் முழுவதும் மணத்தது. அன்பும் சமாதானமும் நீடியபொறுமையும் ஒரே கனி என்பதை அன்று நான் கண்ணால் கண்டேன்.

அந்தப் பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஓய்வுநாள் பாடசாலையில் எழுத்துக்கூட்டிக் கற்ற தமிழில், வரிக்குக் கீழே விரல் ஓட்டி வேதம் வாசித்தவர்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரனுக்கு அந்த வேதப்புத்தகத்தில் ஒரு வரியும் வாசிக்கத் தெரியாது. தமிழில் பேசுகிறான், ஜெபிக்கிறான். ஞானப்பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறான். மலையாளம் நம் அண்டையாரின் அருமையான மொழி, அதை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்கவேண்டும். ஆனால் 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்து, விளவங்கோடு தமிழகமாய் அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளமாய் இந்தப் பக்கமுமாக நின்றபோது, எல்லை நிலத்தில்தான் விழுந்தது. நம் ஜெபத்தில் விழவில்லை. தரங்கம்பாடியில் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர்களும், 1806-இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயும் பனை நட்டவர்கள். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான். அவர்கள் காய்ப்பைக் காணாமலே போனார்கள். அந்தப் பனையை நம் தலைமுறையில் பட்டுப்போக விடலாமா?

கொடியைச் சுத்தம்பண்ணுவதைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. ஆயர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கமிட்டியார் முன் ஒரே விண்ணப்பம் வைக்கிறேன். வருகிற சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, ஆலயத்தின் வடக்குத் திண்ணையில் தமிழ் எழுத்து வகுப்பு தொடங்க அனுமதி தாருங்கள். ஒரு கரும்பலகை போதும். கற்பிக்க நானும் ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகளும் ஆயத்தமாக இருக்கிறோம். பிள்ளைகளின் பெயரை, அசனப் பந்திக்குப் போகுமுன் வாசலில் வைத்திருக்கும் நோட்டில் எழுதிவிடுங்கள்.