நீரோட்டத்தோடு ஒரு நாள்: டான்யூப் கரையில் மூன்று பழைய ஊர்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

ஐரோப்பா போகிறவர்களின் பட்டியலில் இப்போதெல்லாம் புடாபெஸ்ட் தவறாமல் இடம் பிடித்துவிடுகிறது. வியன்னா, பிராக், புடாபெஸ்ட் என்று மூன்றையும் சேர்த்தே டிக்கெட் போடுகிறார்கள். நாடாளுமன்றக் கட்டடம், சங்கிலிப் பாலம், வெந்நீர்க் குளியல் எல்லாம் முடிந்தபின் கையில் ஒரு நாள் மிஞ்சும். விடுதியில் கேட்டால் ஒரு மடிப்புத் தாளை எடுத்து நீட்டுவார்கள். 'டான்யூப் வளைவு, ஒரு நாள் சுற்றுலா, மதிய உணவு உட்பட' என்று போட்டிருக்கும். பெரிய குவிமாடம் ஒன்று, குன்றின் மேல் ஒரு கோட்டை, வண்ணம் பூசிய வீடுகளோடு ஒரு சந்து. அந்த மூன்று படங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தலைநகரத்துக்கு வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருவது என்ற நினைப்பில்தான் பெரும்பாலோர் அந்த பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஆனால் அன்றைக்கு நீங்கள் போவது ஹங்கேரியின் பழைய தலைநகரங்களுக்கு. புடாபெஸ்டுக்கு முன்னால் அரசர்கள் எங்கே இருந்தார்கள், ஏன் அங்கிருந்து கிளம்பினார்கள் என்பதை ஒரே நாளில், ஒரே நதிக்கரையில் பார்த்துவிடலாம். அந்தக் கதை வரிசையாகப் புரிய வேண்டுமென்றால் நீரோட்டத்தோடு வர வேண்டும். எஸ்டெர்கோம், விஷெக்ராட், சென்டென்ட்ரே, அப்புறம் புடாபெஸ்ட். நல்ல வேளையாகப் பெரும்பாலான கைடுகளும் இந்த வரிசையில்தான் கூட்டிப் போகிறார்கள். அவர்களுடைய காரணம் வேறு. எதிர்நீரில் படகு மெதுவாகப் போகும். அதனால் காலையில் பஸ்ஸில் மேலே போய்விட்டு, சாயங்காலம் படகில் இறங்கி வருவது லாபம். காரணம் எதுவானால் என்ன, நமக்கு வசதிதான்.

முதலில் நதி. ஜெர்மனியின் கருங்காட்டில் பிறந்து கருங்கடலில் கலக்கிற டான்யூப், சுமார் 2,850 கிலோமீட்டர் ஓடுகிறது. பத்து நாடுகளைத் தொடுகிறது. வியன்னா, பிராடிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேட் என்று நான்கு தலைநகரங்கள் அதன் கரையில் இருக்கின்றன. அதுவரை கிழக்கு நோக்கி வந்துகொண்டிருக்கும் நதி, புடாபெஸ்டுக்கு வடக்கே இரண்டு பழைய எரிமலைத் தொகுதிகளின் நடுவே நுழைந்து, சட்டென்று தெற்கே திரும்பிவிடுகிறது. மலை நெருக்குகிற இடத்தில் கோட்டை கட்டினால் நதியில் போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்தச் சூட்சுமத்தை ரோமானியர்களே பிடித்துவிட்டார்கள். அவர்களுக்கு டான்யூப்தான் பேரரசின் எல்லை. கரை நெடுக முகாம்களும் காவல் கோபுரங்களும் அமைத்தார்கள். தத்துவம் எழுதிய பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ், தனக்குத் தானே எழுதிக்கொண்ட குறிப்புகளில் ஒரு பகுதியின் ஓரத்தில், குவாடி மக்களிடையே, கிரானுவா ஆற்றங்கரையில் எழுதியது என்று இருக்கிறது. இன்று ஹ்ரோன் என்று பெயருள்ள அந்த ஆறு, எஸ்டெர்கோமுக்கு எதிரில்தான் டான்யூபில் வந்து சேர்கிறது.

சரி, எஸ்டெர்கோமுக்கே வருவோம். புடாபெஸ்டிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஹங்கேரியின் முதல் அரசர் புனித ஸ்டீபன் பிறந்த ஊர். பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அரசர்கள் இங்கேதான் இருந்தார்கள். 1241இல் மங்கோலியர்கள் வந்தார்கள். மோஹி என்ற இடத்தில் ஹங்கேரியப் படை நொறுங்கியது. ஆனாலும் டான்யூபைத் தாண்டி மேற்குக் கரைக்கு அவர்களால் உடனே வர முடியவில்லை. குளிர்காலத்தில் நதி உறைந்தது. பனிக்கட்டியின் மேலேயே நடந்து வந்துவிட்டார்கள். 1242 தொடக்கத்தில் எஸ்டெர்கோம் நகரம் எரிந்தது. மேட்டிலிருந்த கோட்டை மட்டும் விழவில்லை. மதில்போல் காப்பாற்றும் என்று நம்பிய நதி, குளிர் வந்ததும் பகைவனுக்குப் பாதையாகிவிட்டது. திரும்பி வந்த அரசர் நான்காம் பேலா நாடு முழுக்கக் கல்கோட்டைகள் எழுப்பச் சொன்னார். தாமும் எஸ்டெர்கோமை விட்டுவிட்டு, இன்றைய புடாபெஸ்டின் மேற்குக் கரைப் பகுதியான புடாவின் குன்றைத் தேர்ந்தெடுத்தார். அரண்மனை பேராயருக்குப் போயிற்று. இன்றும் ஹங்கேரியக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமைப் பேராயர் அமரும் ஊர் இதுதான்.

அந்தப் பெரிய குவிமாடம் பேராயரின் பேராலயம். ஹங்கேரியிலேயே மிகப் பெரிய தேவாலயம். உயரம் 100 மீட்டர். 1822இல் தொடங்கி 1869இல்தான் முழுதாக முடிந்தது. நடுவில் 1856இல் திருநிலைப்படுத்தியபோது, ஃபிரான்ஸ் லிஸ்ட் அதற்கென்றே இசையமைத்து, அவரே நின்று நடத்தினார். கைடு உங்களை உள்ளே கூட்டிப்போய் நேராகப் பலிபீடத்துக்கு மேலே இருக்கும் பிரம்மாண்டமான ஓவியத்தைக் காட்டுவார். ஒரே துணியில் தீட்டிய பலிபீட ஓவியங்களில் உலகிலேயே பெரியது என்பார். பாருங்கள், தப்பில்லை. எனக்கு அந்தக் கட்டடம் பெரிதாக இருக்கிறதே தவிர மனத்தில் ஒட்டவில்லை. ஒட்டுவது உள்ளே ஓரமாக இருக்கும் ஒரு சிறிய சிற்றாலயம்.

பாகோட்ஸ் சிற்றாலயம் என்று பெயர். தமாஷ் பாகோட்ஸ் குடியானவர் வீட்டில் பிறந்து பேராயராகி, 1513இல் போப்பாண்டவர் தேர்தலில் நின்று தோற்றவர். தன்னைப் புதைக்க ஓர் இடம் வேண்டும் என்று 1506இல் இத்தாலியிலிருந்து கலைஞர்களை வரவழைத்துக் கட்டத் தொடங்கினார். துருக்கியர் ஆட்சியில் சுற்றியிருந்த பழைய தேவாலயம் இடிந்து போயிற்று. இது மட்டும் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய பேராலயம் எழுப்பியபோது, இந்தச் சிற்றாலயத்தை ஏறத்தாழ 1,600 துண்டுகளாகப் பிரித்து, எண் போட்டு, நகர்த்தி, புதிய கட்டடத்துக்குள் மறுபடி பூட்டினார்கள். சுவர் முழுக்க ஈரல் நிறத்தில் சிவந்த கல். சிவப்புச் சலவைக்கல் என்று சொல்வார்கள். உண்மையில் அது அக்கம்பக்கத்து மலையில் வெட்டிய சுண்ணாம்புக்கல். டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்தது. இந்த வகைக் கல்லில் கடல் உயிரிகளின் ஓடுகள் சுருள் சுருளாகப் பதிந்திருக்கும். குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் இங்கே வந்து கல்லைக் கிட்டத்தில் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் கைடிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே மாரியா வலேரியா பாலம் இருக்கிறது. 1895இல் கட்டியது. 1944 டிசம்பரில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது. போர் முடிந்தது, ஆட்சிகள் மாறின, பாலம் மட்டும் வரவில்லை. நடுவில் ஒடிந்து, இரண்டு கரையிலும் மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. 2001இல்தான் மறுபடி திறந்தார்கள். அரை கிலோமீட்டர் நடந்தால் ஸ்லோவாக்கியா வந்துவிடும். ஊரின் பெயர் ஷ்டூரோவோ. இந்தப் பக்கம் ஃபோரின்ட், அந்தப் பக்கம் யூரோ. இரண்டு நாடுகளும் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் வேறு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டை மட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மடிப்புத் தாளில் பார்த்த படம் அந்தக் கரையிலிருந்துதான் கிடைக்கும்.

அடுத்து விஷெக்ராட். இங்கேதான் பெரும்பாலான சுற்றுலாக்கள் கஞ்சத்தனம் காட்டுகின்றன. மேலே கோட்டைக்கு ஏற்றி, வளைவைப் படமெடுக்கச் சொல்லி, சாப்பாட்டுக்கு உட்கார வைத்துவிடுகிறார்கள். மூன்று ஊர்களில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மங்கோலியர் போனபின் மேல்கோட்டையைக் கட்டுவித்தவர் நான்காம் பேலாவின் மனைவி, கிரேக்க இளவரசி மரியா லஸ்காரினா. 1323இல் அரசர் சார்லஸ் ராபர்ட் அரசவையையே இங்கே கொண்டுவந்தார். 1330இல் ஃபெலிசியான் ஸாஹ் என்ற பிரபு, சாப்பாட்டு மேசையில் இருந்த அரச குடும்பத்தின் மேல் வாளோடு பாய்ந்தார். அரசர் பிழைத்தார், அரசி எலிசபெத் வலக்கையில் நான்கு விரல்களை இழந்தார். ஐந்து வருடம் கழித்து, 1335இல், அதே ஊரில் போலந்து அரசரும் பொஹீமிய (இன்றைய செக் நாட்டு) அரசரும் விருந்தாளிகள். வியன்னாவுக்குச் சுங்கம் கட்டாமல் சரக்கு கொண்டுபோக வேறு பாதை காண்பதும் அந்தப் பேச்சில் ஒன்று. பழைய வரலாற்று நூல் ஒன்று பொஹீமிய அரசரின் பரிவாரத்துக்கு நாளொன்றுக்கு 2,500 ரொட்டியும் போலந்துக்காரர்களுக்கு 1,500 ரொட்டியும் போனதாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. அரசியல் மறந்துபோகும், பந்திக் கணக்கு மறக்காது போலிருக்கிறது. 1991 பிப்ரவரியில் ஹங்கேரி, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா தலைவர்கள் கூடி ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டதற்கும் இதே ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. ஹங்கேரியின் புனித மகுடம் அப்போது விஷெக்ராட் கோட்டையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. 1439இல் அரசர் இறந்துபோனார். 1440 தொடக்கத்தில் விதவை அரசி நிறைமாதக் கர்ப்பிணி. பிரபுக்கள் போலந்து அரசருக்கு முடி சூட்டப் பார்த்தார்கள். அரசியின் பணிப்பெண் ஹெலனே கோட்டானெரின், ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டு போய், இரவில் பூட்டுகளை அரத்தால் அறுத்து, மகுடத்தை எடுத்து, சிவப்பு வெல்வெட் தலையணைக்குள் வைத்துத் தைத்து, உறைந்த டான்யூபைச் சறுக்குவண்டியில் கடந்து அரசியிடம் சேர்த்தார். சேர்த்த சில மணி நேரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் நிரம்புவதற்குள் அந்தக் குழந்தையின் தலையில் மகுடத்தை வைத்தார்கள். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாவே பின்னால் சொல்லி எழுதவைத்தார்.

அரண்மனை கீழே, ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிறது. மத்தியாஸ் அரசர் காலத்தில் 350 அறைகள் இருந்ததாக ஒரு பேராயர் எழுதினார். துருக்கியப் போர்களுக்குப் பின் இடிந்து, கல்லெல்லாம் வீடு கட்டப் போய், மிச்சத்தின் மேல் மண் மூடியது. இப்படியொரு அரண்மனை இருந்ததே மிகைப்படுத்தல் என்று பேசுகிற அளவுக்குப் போயிற்று. 1934இல் யானோஷ் ஷூலெக் தோண்டினார், கிடைத்தது. இன்று நீங்கள் பார்ப்பதில் கணிசமான பகுதி மறுகட்டுமானம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் இருக்கும் நீரூற்று நகல். அசல் துண்டுகள் உள்ளே இருக்கின்றன.

வெளியே வந்ததும் எதிர்க்கரையைப் பாருங்கள். அந்த ஊர் நாஜ்மரோஷ். அமைதியாக இருக்கும். அங்கே ஓர் அணை வந்திருக்க வேண்டும். 1977இல் ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் ஒப்பந்தம் போட்டன: மேலே கப்சிகோவோவில் ஒன்று, இங்கே ஒன்று. கம்யூனிஸ்ட் ஆட்சியில் யார் எதிர்ப்பது? உயிரியல் படித்த யானோஷ் வார்கா என்பவரும் நண்பர்களும் 'டான்யூப் வட்டம்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1988இல் புடாபெஸ்ட் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஆட்சியைத் திட்டினால் பிடித்துப் போவார்கள்; ஆற்றுக்காகப் பேசினால் அவ்வளவு சுலபமாகப் பிடிக்க முடியாது. அதனால் ஆட்சிமேல் கோபம் இருந்தவர்களும் ஆற்றுக்காக நின்றார்கள். 1989 மே மாதம் வேலையை அரசே நிறுத்தியது. வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1997இல் தீர்ப்பு வந்தது. ஹங்கேரி ஒப்பந்தத்தைக் கைவிட்டதும் தவறு, மறுதரப்பு தன்னிச்சையாக நதியைத் திருப்பியதும் தவறு, உட்கார்ந்து பேசித் தீருங்கள் என்றது. நம்மூரில் காவிரி வழக்கைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு இந்தத் தொனி பழக்கப்பட்டதாக இருக்கும். எந்த கைடும் இதைத் தானாகச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டால் சொல்வார்கள்; கொஞ்சம் வயதானவராக இருந்தால் நிறையவே சொல்வார்.

மூன்றாவது ஊர் சென்டென்ட்ரே. இது தலைநகரமாக இருந்ததில்லை. அகதிகள் கட்டிய ஊர். 1690இல் துருக்கியருக்கு அஞ்சி, தங்கள் திருச்சபைத் தலைவர் மூன்றாம் அர்செனியேவின் பின்னால் செர்பியர்கள் வடக்கே வந்தார்கள். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்றுதான் நினைத்தார்கள். தங்கள் வீர அரசர் லாசரின் எலும்புகளையும் கூடவே தூக்கி வந்து, இங்கே மரத்தில் ஒரு தேவாலயம் கட்டி வைத்திருந்தார்கள். 1697இல் அந்த எலும்புகளைத் தெற்கே வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். மக்களில் பலர் தங்கிவிட்டார்கள். வியாபாரம் செழித்தது, மரக் கோயில்கள் இருந்த இடங்களில் கற்கோயில்கள் எழுந்தன. சதுக்கத்தின் நடுவே இருக்கும் சிலுவை, 1763இல் செர்பிய வணிகர்கள் நிறுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூச்சி தாக்கித் திராட்சைத் தோட்டங்கள் அழிந்தன, ஊர் நொடித்தது. வாடகை மலிந்த ஊரைத் தேடி ஓவியர்கள் வந்தார்கள். இன்று மீதி இடத்தைக் கடைகள் பிடித்துக்கொண்டன. மார்சிபான் என்கிற பாதாம் இனிப்புக்கும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகள் கூட இருந்தால் போங்கள்.

சுற்றுலாக்காரர்கள் இங்கேதான் அதிக நேரம் விடுவார்கள். கடை இருக்கிறதே! ஆனால் சென்டென்ட்ரேவுக்குப் புடாபெஸ்டின் பாச்சானி சதுக்கத்திலிருந்து புறநகர் ரயில் ஓடுகிறது, நாற்பது நிமிடம். எந்தச் சாயங்காலமும் நீங்களே வந்து போகலாம். விஷெக்ராடுக்கு அப்படி நேர் ரயில் கிடையாது. நாஜ்மரோஷில் இறங்கிப் படகில் கடக்க வேண்டும். அதனால் டூர் பதிவு செய்யும்போது எந்த ஊரில் எவ்வளவு நேரம் என்று முதலில் கேளுங்கள். விஷெக்ராடில் அரண்மனைக்குள் போகாத டூரை நான் எடுக்க மாட்டேன்.

இங்கிருந்து படகு. கோடைப் பருவத்தில்தான் ஓடும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு பஸ்தான். இடது பக்கம் நீளமாகக் கூடவே வருவது சென்டென்ட்ரே தீவு. 30 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆனால் வீடுகள் குறைவு. காரணம் அதன் கரையோரக் கிணறுகள். டான்யூப் நீர் மணலிலும் சரளையிலும் ஊறி வடிகட்டப்பட்டு அந்தக் கிணறுகளுக்கு வருகிறது. புடாபெஸ்டின் குடிநீரில் பெரும்பங்கு அங்கிருந்து குழாயில் போகிறது. காலையில் விடுதியில் நீங்கள் குடித்த தண்ணீரும் அநேகமாக அதுதான்.

ஒரு நாள் போதுமா என்று கேட்பீர்கள். மூன்று ஊருக்கு இழுத்துப் பிடித்தால் போதும். டூரில் வராத வாட்ஸ் என்ற நான்காவது ஊருக்கு இன்னொரு காலை வேண்டும். 1846இல் ஹங்கேரியின் முதல் ரயில் பெஸ்டிலிருந்து அங்கேதான் போனது. 1994இல் அங்கே ஒரு தேவாலயத்தின் அடைத்துக் கிடந்த நிலவறையைத் திறந்தபோது, பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சித்திரம் தீட்டிய சவப்பெட்டிகளில் 265 உடல்கள், குளிர்ந்த உலர் காற்றில் தானாகவே பதப்பட்டுக் கிடந்தன. காசநோய்க் கிருமியின் பழைய வகைகளை ஆராய்கிறவர்களுக்கு அது பெரிய புதையலாயிற்று. ந்யுகாட்டி நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கைடு தேவையில்லை.