சிலோன்காரரும் தோட்டத்துக்காரரும்: மலாயாவுக்கு வந்த இரு தமிழர்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

"சிலோன்காரன் படிச்சு முன்னேறினான், நம்ம ஆளு குடிச்சுக் கெட்டான்." இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் இந்த மலேசியாவில் குறைவு. கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறோம், கோயில் திருவிழாவில் கேட்டிருக்கிறோம். நான் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது ஆசிரியர் அறையிலும் கேட்டேன். சொல்கிறவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அந்தப் பேச்சு ஏன் பொய் என்று விளக்கத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

இலங்கை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சிலோன்காரர், தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம்மவர், இரு சாராரும் பேசியது தமிழ். கும்பிட்ட தெய்வங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே வெள்ளைக்கார ஆட்சியில், ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தவர்கள். ஆனால் இரண்டு தலைமுறை கழித்துப் பார்த்தால், ஒருவர் வீட்டில் டாக்டரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். மற்றவர் பேரன் இன்னும் பால்மரம் சீவிக்கொண்டிருக்கிறான். ஏன்?

முதலில், வந்தவர்கள் யார் என்று பார்ப்போம். 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின், அதாவது இன்றைய மேற்கு மலேசியாவின், முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதையைப் போடவே இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் ரயில்வே, நில அளவை, கருவூலம், அஞ்சல் என்று எல்லா இலாகாவுக்கும் ஆங்கிலம் எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்கள். லண்டனிலிருந்து ஆள் கொண்டுவந்தால் செலவு அதிகம். யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்டவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள்.

எப்படி ஆயத்தமானார்கள்? அமெரிக்க மிஷனரிகள் 1816இலேயே யாழ்ப்பாணம் வந்துவிட்டார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்களுக்கான பள்ளி. அதற்குப் போட்டியாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளி ஒரு பக்கம், சைவப் பள்ளி மறுபக்கம். இரண்டும் முட்டி மோதி வளர்ந்ததில் அந்தச் சின்னத் தீபகற்பம் முழுக்கப் பள்ளிக்கூடம். மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர் எழுபது, எண்பது ஆண்டு பள்ளி வரலாற்றின் விளைச்சல். அதை "அவர்கள் ரத்தத்தில் ஊறிய படிப்பு" என்று சொல்கிறோம்.

ரத்தத்தில் ஊறியது என்றால் யாழ்ப்பாணத்தார் எல்லாருக்கும் ஊறியிருக்க வேண்டும். ஆனால் அதே யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகள் இடமே தரவில்லை. இடம் தந்த பள்ளியில் தரையில் உட்காரவைத்தார்கள். 1930 வாக்கில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்காரலாம் என்ற உத்தரவு வந்தபோது பள்ளிகளுக்குத் தீ வைத்தவர்கள் உண்டு. ஆக, மலாயாவுக்குக் குமாஸ்தாவாக வந்தவர் யாழ்ப்பாணத்தின் முழு உருவம் இல்லை. பள்ளி திறந்துவிட்ட பகுதி மட்டுமே இங்கு வந்தது.

இனி நம் பாட்டன்மார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு. வானம் பொய்த்த வயல், பண்ணையாரிடம் கடன். வந்தவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். பள்ளிக்கூட வாசலைப் பார்க்காதவர்கள். படித்தவனைத் தேடி வந்த தொழில் இல்லை இது. படிக்காதவன்தான் வேண்டும் என்று கேட்ட தொழில். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் ஆள் பிடித்து வந்து மேய்க்கும் கங்காணி தொடர்ந்தார். ஊருக்குப் போய், தன் உறவிலும் தெருவிலும் ஆள் பிடித்து, ஆவடி முகாமிலோ நாகப்பட்டினம் முகாமிலோ தங்கவைத்து, பினாங்குக் கப்பலில் ஏற்றினார். கப்பல் செலவைத் தோட்டங்கள் சேர்ந்து கட்டிய குடியேற்ற நிதி ஏற்றது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 1907இல் உண்டாக்கப்பட்ட நிதி அது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை ஒன்று இருந்தது. நூறு குவார்ட்டர்ஸ் என்போம். இங்குள்ள பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள், இடித்து அதிக காலம் ஆகவில்லை. அப்படியொரு வீட்டிலிருந்து காலையில் கிளம்பும் ரயில்வே குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோட்டு, நடந்துபோகும் தூரத்தில் அலுவலகம். மாதம் பிறந்தால் சம்பளம். மழை பெய்தாலும் சம்பளம். மகன் நடந்தே போகக்கூடிய தூரத்தில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், 1893இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி. மனைவி வீட்டில். மாலையில் பிள்ளை விளக்கடியில் உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருந்தார். 1904இல் அங்கேயே விவேகானந்த ஆசிரமம் எழுந்தது. 1920களில் கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டது. ஓய்வு பெற்றால் பென்ஷன். யாழ்ப்பாணத்தில் 'மலாயன் பென்ஷனியர்' என்று ஒரு மனிதர் வகையே இருந்தது. அந்தப் பணத்தில் கட்டிய கல்வீடுகளுக்கு அங்கே ஒரு மதிப்பு.

இப்போது தோட்டத்துக்கு வாருங்கள். விடியும் முன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தோட்டக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார். வெயில் ஏறினால் பால் இறங்காது, அதனால் இருட்டிலேயே வெட்டுக்குப் போக வேண்டும். அப்பாவும் போவார், அம்மாவும் போவார். ஒருவர் கூலியில் குடும்பம் ஓடாது என்று தெரிந்தே வைத்த கூலி அது. கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். மழை பெய்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது, அன்றைக்குக் கூலி இல்லை. ரப்பர் விலை விழுந்தால் கூலியும் விழும். ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 1930இல் 40 காசானது. அந்த உலகப் பொருளாதார மந்தத்தில், மூன்றே ஆண்டுகளில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். நாளைக்கு இந்த நாட்டில் இருப்போமா என்று தெரியாதவன் பிள்ளையின் பத்தாண்டுப் படிப்பைத் திட்டமிட முடியுமா?

பள்ளி இல்லையா? இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்துக்காக வைத்த பள்ளிகள் அவை. பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. பள்ளி விட்டதும் பிள்ளைகள் மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்கப் போனார்கள். ஆறாம் வகுப்போடு சாலை முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வேண்டுமானால் ஆங்கிலப் பள்ளி, அது பட்டணத்தில், கட்டணம் கட்டி. துரைமார் பார்வையில் ஆறாம் வகுப்பே அதிகம். படித்தவன் பால்மரம் வெட்ட வரமாட்டானே!

ஒரே தோட்டத்துக்குள்ளேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இங்கே வந்து சிரம்பானில் வளர்ந்தார். அப்பா ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். மகன் சிரம்பானில் செயின்ட் பால்ஸ், பிறகு விக்டோரியா, பிறகு சிங்கப்பூர் ராஃபிள்ஸ், கடைசியில் லண்டன் கிங்ஸ் காலேஜ். தோட்டக் காற்று அவரைக் கெடுக்கவில்லை, ரப்பர் மர நிழல் தடுக்கவில்லை. மேற்பார்வையாளர் வீட்டுக்கும் தொழிலாளரின் வரிசைவீடான லயத்துக்கும் நடந்துபோகும் தூரம்தான். அங்கே மாதச் சம்பளம், இங்கே நாட்கூலி.

குடியைப் பற்றிப் பேச வேண்டும். தோட்டத்துக்குள் கள்ளுக்கடை வைத்தது யார்? உரிமம் கொடுத்து வரி வாங்கியது அரசாங்கம், இடம் கொடுத்தது நிர்வாகம். சம்பளம் வாங்கிய கை நேராகக் கள்ளுக்கடைக்குப் போக வழி செய்துவிட்டு, அவனைக் குடிகாரன் என்றார்கள். அதை எதிர்த்தவர்களும் தோட்டத்துக்காரர்களே. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கெடா மாநிலத்தில் தொண்டர் படை கிளம்பியது. குடிக்காதே, கள்ளுக்கடையை மூடு என்று தோட்டம் தோட்டமாகப் போனார்கள். 1947இல் போலீஸைக் கொண்டு அந்தப் படையை ஒடுக்கினார்கள். இந்தச் செய்தியை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தோம்? "குடிச்சுக் கெட்டான்" என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

போர்க் காலத்தை ஒரு வரியில் தாண்ட முடியாது என்றாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு, அதாவது சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட பாதைக்கு, பிடித்துக்கொண்டு போன ஆசியத் தொழிலாளரில் ஒரு பெரிய கூட்டம் மலாயாத் தோட்டத் தமிழர். பல்லாயிரக்கணக்கானோர் காட்டிலேயே மாண்டார்கள். உழைக்கிற வயது ஆண்கள் போய்விட்ட லயங்களில் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளுமே மிஞ்சினார்கள்.

நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். வீடு. தோட்டத்து வீட்டுக்கு வாடகை இல்லை. பெரிய சலுகை என்று நிர்வாகம் சொல்லும். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வயதாகி, தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலிலிருந்து பெயர் நீக்கப்பட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்யாமல் இருக்க ஒரே வழி, பிள்ளைகளில் ஒருவர் பெயரைச் செக்ரோலில் ஏற்றுவது. கெட்டிக்காரப் பையன் ஏன் படிப்பை நிறுத்தினான் என்று கேட்கிறோம். அப்பாவுக்கு வேலை முடிந்தது, பாட்டிக்குக் கூரை வேண்டும், அதற்கு அவன் கத்தியைத் தூக்க வேண்டும். பெண்பிள்ளைகள் கதை இன்னும் மோசம். ரயில்வே குவார்ட்டர்ஸும் வேலையோடு ஒட்டியதுதானே என்று யாராவது கேட்கலாம். ஆமாம். ஆனால் அந்தக் குமாஸ்தா வெளியே வரும்போது கையில் பென்ஷன் இருந்தது, மகன் கையில் ஆங்கிலப் பள்ளியின் இறுதித் தேர்வான சீனியர் கேம்பிரிட்ஜ் சான்றிதழ் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள், தொழிலாளர் தெருவுக்கு வந்தார்கள். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிலாளர் போட்ட காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். சேமிக்கத் தெரியாத இனம் என்று நம்மைச் சொல்பவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்கட்டும். ஆனால் பணம் மட்டும் போதவில்லை, தாளும் வேண்டியிருந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற விதி 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கேயே உழைத்து வயதான ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இருந்தவர்களில் பலர் குடியுரிமை இல்லாத வசிப்பாளருக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தார்கள். பிறப்புப் பத்திரம் எடுக்காத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கும் பத்திரம் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் சிலோன்காரருக்கும் அடி விழுந்தது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் நம்பியிருந்த அரசாங்க வேலை 1970களுக்குப் பிறகு எளிதில் கிடைக்கவில்லை. அவர்கள் மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று தனித் தொழில்களுக்குத் திரும்பினார்கள். பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். ஒரு வழி அடைபட்டால் மாற்று வழி தேட அவர்களுக்கு ஆங்கிலப் படிப்பு இருந்தது, பட்டணத்து வீடு இருந்தது, முன்னே போன உறவுக்காரர் இருந்தார். அடி இருவருக்கும் ஒன்றுபோல விழுந்தாலும் விழுந்த இடம் வேறு.

நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவைப் பார்த்து எல்லாரும் பெருமைப்படுகிறோம். பிராங் புசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்கள் இருந்த நிலம் அது. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன. சுவரில் விரிசல் விழுந்த அந்த வீடுகளில் இருந்துகொண்டு, தருவதாக வாக்குக் கொடுத்த தரைவீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. நிலத்தின் விலை நூறு மடங்கு ஏறியது. அந்த நிலத்தில் மூன்று தலைமுறை வெட்டியவன் கைக்கு அதில் ஒரு காசும் வரவில்லை.

அதனால் இளைஞர்களே, அடுத்த முறை யாராவது அந்தப் பழைய வாக்கியத்தைச் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். சம்பளம் மாதத்துக்கா, நாளுக்கா? ஆறாம் வகுப்புக்குப் பிறகு பள்ளி எவ்வளவு தூரம்? வேலை போனால் வீடு என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் விடை வைத்துக்கொண்டு, எந்த ஊரிலிருந்து வந்தவன் என்று தெரியாமலேயே அவன் பேரன் என்ன ஆவான் என்று நான் சொல்லிவிடுவேன்.

தோட்டங்கள் இன்னும் விற்கப்படுகின்றன. நில மேம்பாட்டாளர் வந்து இழப்பீட்டுத் தாளை நீட்டும்போது நம் குடும்பங்கள் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகின்றன. முதலில் கேட்க வேண்டியது வீடு: எங்கே, யார் பெயரில், கிரயப் பத்திரம் எந்தத் தேதியில். பக்கத்தில் இடைநிலைப்பள்ளி இருக்கிறதா என்பது அடுத்தது. இவை எழுத்தில் வரும்வரை எந்தத் தோட்டக் குழுவும் கையெழுத்துப் போட வேண்டாம். இன்றிரவு இங்கு வந்திருக்கும் தோட்டத் தலைவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். வழக்கறிஞர் தம்பிகள் முன்வரிசையில் இருக்கிறார்கள், உங்கள் தாள்களை அவர்களிடம் காட்டிவிட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.