எட்டாவது மருந்து

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நோயிலிருந்து மீண்டு வருபவருக்குப் பெருந்துணை மருந்தா, பதறாத மனமா? பதறாத மனமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு நிதானம் என்கிற மாத்திரையை எந்த மெடிக்கலில் வாங்கிக் கொடுப்பீர்கள்? பில்லைக் காட்டுங்கள்!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி அண்ணே, என்னிடம் பில் கிடையாது, சீட்டு இருக்கிறது.

என் அப்பா திண்டுக்கல் பக்கம் 31 வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவருடம் மாரடைப்பு. அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய் வைத்து, கையில் ஒரு சீட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க, கொழுப்பைக் குறைக்க, பிரஷருக்கு என்று ஏழு மருந்து. ஏழுக்கும் கீழே டாக்டர் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'கோபப்படக் கூடாது.'

ஏழையும் வாங்கிவிட்டோம். எட்டாவதை எந்தக் கடையில் வாங்குவது? அண்ணன் கேட்ட அதே கேள்விதான்!

பத்தாம் நாள் காலை. அப்பா நடக்கக் கிளம்புகிறார். கேட்டைத் திறந்தால் குறுக்கே ஒரு பைக். யோசித்துப் பாருங்கள், 31 வருடம் பஸ் ஓட்டியவர் வீட்டு வாசலில், குறுக்கே பைக்! அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வருகிறார். நான் மாடிப்படியில் பாதியில் நிற்கிறேன். அப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. வாய் திறக்கிறது. வார்த்தை வரவில்லை. இடது கை மட்டும் மெல்ல முன்னால் போகிறது. காற்றில் எதையோ பிடிக்கிறது. இதோ, இப்படி ஒரு ஆட்டு ஆட்டுகிறது.

மாரடைப்பு வந்தவருக்கு இடது கை என்றால் சும்மாவா? அம்மா அலறிவிட்டார். அப்பா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணுமில்லை. நியூட்ரலில் போட்டேன்."

பஸ்ஸில் டிரைவருக்கு இடது கைப் பக்கம்தான் கியர். அதை நியூட்ரலில் போட்டால் எஞ்சின் ஓடும், சக்கரம் ஓடாது. கோபம் உள்ளே உறுமிக்கொண்டுதான் இருந்தது, அதை அவர் சக்கரத்துக்குக் கொடுக்கவில்லை. ஒரு நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பைக்காரத் தம்பி ஓடி வந்து, "மன்னிச்சுக்குங்க தாத்தா" என்றான். அவ்வளவுதான்.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. மருந்துக்கு முன்னால் கரண்ட் போகிறதா? இடது கை முன்னால் போகும். பேரன் மூக்குக் கண்ணாடியை மிதித்துவிட்டானா? இடது கை. பென்ஷன் தள்ளிப்போன மாதம் மட்டும் நாலைந்து முறை ஆட்டினார். கியர் கொஞ்சம் இறுகிவிட்டதாம்!

மாத்திரையை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏழையும் அவர் வேளை தவறாமல் விழுங்கினார். ஆனால் கோபம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, நாடி ஓடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆறிவரும் இதயத்துக்கு அது மேட்டில் ஏற்றும் பாரம். லண்டனில் ஜான் ஹண்டர் என்று பெரும்பேர் பெற்ற அறுவை மருத்துவர் இருந்தார். நெஞ்சுவலிக்காரர். தன்னைச் சீண்ட நினைக்கிற எந்தப் போக்கிரியின் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று சொல்லிவந்தாராம். 1793 அக்டோபரில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம். அங்கேயே சரிந்து இறந்துபோனார். மருத்துவமனைக்குள்ளே அண்ணே! மருந்துக்கா பஞ்சம்?

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வான்.' நோயாளிதான் முதலில். மருந்து மூன்றாவது. நான்காவது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நான்காவது ஆளைப் பற்றி ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் கத்துகிறோம். 108-க்குப் பேசியது அப்பா. தெருப்பெயர், எந்தத் திருப்பம், வாசலில் என்ன மரம், எல்லாம் நிதானமாகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வரும்வரை தரையில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். இடது கையால்.

ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்து முதல் அடி வைக்க வேண்டும். அம்மாவுக்குக் கால் நடுங்குகிறது. "முடியலைங்க, என்னால முடியலை" என்று அழுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாவை அதட்டியே பேசிய மனிதர் அவர். காப்பி ஆறினால் அதட்டுவார், பஸ்ஸுக்கு நேரமானால் அதட்டுவார். அன்றைக்குக் குனிந்து, அம்மாவின் கண்ணைத் துண்டால் துடைத்துவிட்டு, "நமக்கு என்ன அவசரம்? ஃபர்ஸ்ட் கியரிலேயே போவோம், வா" என்றார்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். காலை எடுத்து வைத்தார்.

வணக்கம்.