சாங்கிக் கடலில் தொடங்கிய வழக்கு

(அனைத்துலகச் சட்டம் குறித்த ஆண்டுச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

அனைத்துலகச் சட்டம் என்றதும் தி ஹேக் நகரத்து நீதிமன்றமும் நியூயார்க்கில் இருக்கும் ஐநா மன்றமும்தான் நம் நினைவுக்கு வரும். எங்கோ தொலைவில் பெரிய மனிதர்கள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் நான் இன்று சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் இருக்கும் நம் சாங்கியிலிருந்து தொடங்கப் போகிறேன்.

1603ஆம் ஆண்டு பிப்ரவரி 25. ஜொகூர் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, இன்றைய சாங்கிக்குக் கிழக்கே, சாந்தா கத்தரினா என்ற போர்ச்சுகீசியக் கப்பல் நின்றிருந்தது. சீனக் கரையில் இருக்கும் மக்காவ் துறைமுகத்திலிருந்து மலாக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த பெரிய சரக்குக் கப்பல். பட்டும் பீங்கானும் நிறைந்திருந்த அந்தக் கப்பலை, யாக்கோப் ஃபான் ஹீம்ஸ்கெர்க் என்ற டச்சுத் தளபதி ஜொகூர் சுல்தானகத்தின் துணையோடு பிடித்துக்கொண்டார். சரக்கு ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் ஏலத்தில் 30 லட்சம் கில்டருக்கு மேல் விலைபோனது. அப்புறம்தான் கேள்வி எழுந்தது. நடந்தது போரா, கொள்ளையா? டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் பங்குதாரர்களிலேயே சிலருக்கு அந்தப் பணத்தைத் தொட மனம் வரவில்லை.

நிறுவனம் ஓர் இளம் வழக்கறிஞரை நாடியது. ஹ்யூகோ குரோஷியஸ், வயது இருபதுகளின் தொடக்கம். அவர் எழுதிய நீண்ட வாதத்தின் ஒரு பகுதி 1609இல் ‘சுதந்திரக் கடல்’ என்ற பொருள் தரும் லத்தீன் தலைப்பில் நூலாக வந்தது. கடலை எந்த அரசும் தனக்கென்று வேலி போட்டுக்கொள்ள முடியாது என்பதே அதன் அடிப்படை. இன்றைய கடல்சட்டத்தின் ஆணிவேர்களில் ஒன்று, நாம் மாலையில் காற்று வாங்கப் போகும் கடற்கரைக்கு எதிரே நடந்த ஒரு கைப்பற்றலில் இருக்கிறது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குரோஷியஸ் எழுதியது ஒரு வணிக நிறுவனத்தின் லாபத்துக்காக. அதே நிறுவனம் பின்னாளில் இந்த வட்டாரத்து வாசனைப் பொருள் வணிகத்தை ஆயுத பலத்தால் பூட்டி வைத்தது. ஆனாலும், ஒரு நியாயத்தை உலகத்தின் முன்னால் எழுதி வைத்துவிட்டால், அதை எழுதியவனுக்கு எதிராகவும் பிறர் எடுத்துப் பேசலாம். சின்ன நாடுகளுக்கு இந்தச் சட்டத்தின் மீது இருக்கும் நம்பிக்கையே அங்குதான் தொடங்குகிறது.

சிங்கப்பூருக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பார்ப்போம். முன்பு பல நாடுகள் கரையிலிருந்து மூன்று கடல் மைலை மட்டும் தங்கள் கடல் என்றன. அதைப் பன்னிரண்டாக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. மலாக்கா நீரிணையும் சிங்கப்பூர் நீரிணையும் மிகக் குறுகலானவை. ஃபிலிப் கால்வாய்ப் பகுதியில் கப்பல் செல்லும் வழி மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. எல்லாரும் பன்னிரண்டு மைல் கேட்டால் அந்த வழியில் பொதுக்கடல் என்று எதுவுமே மிஞ்சாது. கப்பலை விடுவதும் தடுப்பதும் கரையோர நாடுகளின் விருப்பம் என்றாகிவிட்டால், துறைமுகத்தை நம்பி வாழும் இந்தத் தீவு என்ன ஆகும்?

இதற்கு ஒரு தீர்வைக் கண்டுபிடிக்க, ஐநா கடல்சட்ட மாநாட்டில் உலக நாடுகள் 1973 முதல் 1982 வரை பேசின. கடைசிக் கட்டத்தில் அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் சிங்கப்பூர்த் தூதர் டோமி கோ. 1982 டிசம்பர் 10ஆம் தேதி ஜமைக்காவின் மொண்டேகோ பேயில் ஐநா கடல்சட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது. பன்னிரண்டு மைல் உரிமை கரையோர நாட்டுக்கு உண்டு. ஆனால் அனைத்துலகக் கப்பல் போக்குவரத்துக்குப் பயன்படும் நீரிணைகளில் எல்லா நாட்டுக் கப்பல்களும் தடையின்றிக் கடந்து போகலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி புளோக்கில் நம் வீட்டு வாசலை ஒட்டித் தாழ்வாரம் போகிறது. வாசல் நம்முடையதுதான், அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் நடக்கக்கூடாது என்று நாற்காலி போட்டு மறிக்க முடியுமா? அதே ஏற்பாடுதான். இந்த ஒரு விதி இல்லாமல் இன்றைய சிங்கப்பூரை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

அடுத்து பெட்ரா பிராங்கா. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல் மைல் தொலைவில் இருக்கும் பாறை அது. நீளம் 137 மீட்டர். பிரிட்டிஷார் 1851இல் அங்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்தார்கள். 1979இல் மலேசியா வெளியிட்ட வரைபடம் பாறையைத் தன் எல்லைக்குள் காட்டியது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. பல ஆண்டுகள் பேசிப் பார்த்து, 2003இல் இரு நாடுகளும் சேர்ந்தே அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போக ஒப்பந்தம் செய்துகொண்டன. 2008 மே 23ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பன்னிரண்டு நீதிபதிகள் சிங்கப்பூருக்கு, நான்கு பேர் எதிராக.

தீர்ப்பை முழுதாகப் படித்தால் இரண்டு விஷயங்கள் மனத்தில் தைக்கும். முதலாவது, அந்தப் பாறை தொடக்கத்தில் ஜொகூர் சுல்தானகத்துக்குத்தான் சொந்தம் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஜொகூர் நெடுங்காலமாகவே இறையாண்மை கொண்ட அரசு என்பதற்கு நீதிபதிகள் யாருடைய எழுத்தைக் காட்டினார்கள் தெரியுமா? குரோஷியஸின் எழுத்தை! சாந்தா கத்தரினா வழக்குக்காக எழுதியவரின் சொற்கள் நானூறு ஆண்டு கழித்து அதே கடலைப் பற்றிய வழக்கில், சிங்கப்பூருக்கு எதிரான வாதத்துக்குத் துணையாக வந்து நின்றன.

இரண்டாவது, முதலில் ஜொகூருடையதாக இருந்தது எப்படிக் கைமாறியது என்பது. 1953இல் சிங்கப்பூரின் காலனித்துவச் செயலகம், இந்தப் பாறையின் நிலை என்ன என்று ஜொகூருக்குக் கடிதம் எழுதிக் கேட்டது. பெட்ரா பிராங்காவுக்குத் தாங்கள் உரிமை கோரவில்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதினார். அதன் பிறகு சிங்கப்பூர் அங்கே கப்பல் விபத்துகளை விசாரித்தது, வருகிற மலேசிய அதிகாரிகளிடம் அனுமதி வாங்கச் சொன்னது, தன் கொடியை ஏற்றியது. 1968இல் ஜொகூருக்குச் சொந்தமான பூலாவ் பீசாங் தீவில், சிங்கப்பூர் நடத்திய கலங்கரை விளக்கத்தில் பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கும்படி மலேசியா கேட்டது, சிங்கப்பூரும் இறக்கியது. பெட்ரா பிராங்கா கொடியைப் பற்றி மலேசியா ஒன்றும் சொல்லவில்லை. இப்படிச் சின்னச் சின்னச் செயல்களும் மௌனங்களும் சேர்ந்து, 1980க்குள் இறையாண்மை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்றது நீதிமன்றம்.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் ஊர்களில் கேட்பார்கள். கடிதத்தைக் கோப்பில் சேர்த்த எழுத்தர், பதிவேட்டை நாள் தவறாமல் நிரப்பிய விளக்குக் காவலர், இவர்களில் யாருக்கும் தாங்கள் ஒரு நாட்டின் எல்லையைக் காக்கிறோம் என்று தெரிந்திருக்காது. அன்றைய துணைப் பிரதமர் பேராசிரியர் ஜெயக்குமாரும் டோமி கோவும் அன்றைய தலைமை நீதிபதி சான் செக் கியோங்கும் தி ஹேக்கில் வாதாடினார்கள் என்பதை நாம் பெருமையோடு நினைக்கிறோம். அந்த எழுத்தர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதே தீர்ப்பில் பக்கத்தில் இருக்கும் மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்குப் போயின. இதை நம்மில் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஜொகூர் மக்களுக்குப் பெட்ரா பிராங்கா வலி தரும் பெயர் என்பதையும் மறக்கக்கூடாது. நம் உறவினர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஜெயித்த வழக்கை வைத்து ஒரு நாட்டின் சட்டப்பற்றை எடைபோட முடியாது. தஞ்சோங் பகார் ரயில் நிலையம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். 2011 ஜூலை முதல் தேதியோடு மலேசிய ரயில் அங்கே வருவது நின்றது. நிலப் பரிமாற்றத்தின்போது, மலேசிய ரயில்வே வைத்திருந்த மூன்று நிலத் துண்டுகளுக்கு மேம்பாட்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சிங்கப்பூர் சொன்னது. மலேசியா மறுத்தது. நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். 2014 அக்டோபரில் முடிவு வந்தது: கட்டணம் கட்டத் தேவையில்லை. சிங்கப்பூர் தோற்றது. இரு அரசாங்கங்களும் முடிவை ஏற்றுக்கொண்டன, அத்தோடு சரி. பெட்ரா பிராங்கா அளவுக்கு நாம் இந்த வழக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். தோற்ற பிறகும் கட்டுப்படுகிற நாடுதான் அடுத்த முறை சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பேச முடியும்.

“பெரிய நாடுகள் இதையெல்லாம் மதிக்கின்றனவா?” என்று கேட்பீர்கள். பல நேரம் மதிப்பதில்லை. அதனால்தான் சின்ன நாடு எழுந்து நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1983இல் அமெரிக்கா கரீபியத் தீவு நாடான கிரெனடாவுக்குள் படையெடுத்தபோது, நட்பு நாடாயிற்றே என்று பார்க்காமல் ஐநா பொதுச் சபையில் அதைக் கண்டிக்கும் தீர்மானத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. 2022இல் உக்ரேன் விஷயத்தில் ரஷ்யாவைக் கண்டித்தபோதும் அதே நியாயம்தான். ஆளைப் பார்த்து நியாயம் மாறினால் நாளை நமக்காகப் பேச யாரும் வரமாட்டார்கள்.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. 2019இல் இங்கே கையெழுத்தாகி நம் நாட்டின் பெயரைத் தாங்கி நிற்கும் சமரச ஒப்பந்தம், 2023இல் நம் தூதர் ரெனா லீ தலைமையில் முடிவான ஆழ்கடல் உயிர்வள ஒப்பந்தம். ஒவ்வொன்றும் தனியாக ஒரு மாலைக்கு உரிய தலைப்பு.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவைத் தண்ணீர் ஒப்பந்தத்துக்கு ஒதுக்குங்கள். 1962இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ள சிங்கப்பூருக்கு உரிமை உண்டு. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது செய்த 1965 பிரிவினை ஒப்பந்தத்தில் அதற்கு உறுதி அளிக்கப்பட்டு, அந்த ஒப்பந்தம் ஐநாவில் பதிவும் ஆகியிருக்கிறது. 2061இல் தண்ணீர் ஒப்பந்தம் முடிகிறது. இன்று பதினேழு வயதில் இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அப்போது ஐம்பதுகளில் இருப்பார்கள்; பேச்சுவார்த்தை மேசையில் உட்காரப் போவதே அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஆகவே மாணவர்களே, பிரிவினை ஒப்பந்தத்தின் வாசகத்தைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள், அடுத்த ஆண்டு நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். இப்போது பெரியவர்களின் கேள்விகளுக்குப் போவோம். வணக்கம்.