பழைய கடற்கரையைத் தேடி மலை ஏறணும்

ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "பனியுகக் கடைசியில ஸ்காண்டிநேவியாவுல பனிப்படலம் உருக உருக, வேட்டைக்காரங்க தெற்கேயிருந்து கலைமான் பின்னாடியே நடந்து வடக்கே போனாங்க, அவ்வளவுதானே?" இந்த "அவ்வளவுதானே"தான் உறுத்துது.

தெற்கேயிருந்து வந்தது நிஜம். ஆனா நார்வேயில உள்நாடு பனிக்கடியில கிடந்தப்பவே வெளிக்கரை திறந்துடுச்சு. ஆரம்பகால முகாம்கள் பெரும்பாலும் கரையோரத்துலயும் தீவுகள்லயும்தான் கிடைக்குது. தீவுக்கு நடந்தா போவாங்க? படகு இருந்திருக்கணும். இன்னொரு கூட்டம் வடகிழக்கே, ரஷ்யா பக்கமிருந்து வந்திருக்கு. அழுத்திச் சீவியெடுத்த நீளமான கல் அலகுகள் அதைக் காட்டுது. 2018ல வந்த மரபணு ஆய்வும் அதையே சொல்லுது.

ஆனா கேட்டிருக்க வேண்டியது, அந்த முகாம்களை எங்கே தேடுறதுன்னு. இதுக்கு ஒரு பல்லவி இருக்கு: கடல் மட்டும் ஏறல, பனியோட பாரம் இறங்கினதும் தரையும் ஏறுச்சு. லோடு இறக்கின லாரி மேல எழும்புதில்ல, அப்படி. லாரி உடனே எழும்பி நின்னுடும். இது இன்னும் நிக்கல. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவுல இருக்கிற பாத்னியா வளைகுடாப் பக்கம் இன்னிக்கும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் எழும்புது. ஸ்வீடனோட ஹோகா குஸ்தென்ல பழைய கடற்கரை 286 மீட்டர் உயரத்துல நிக்குது!

அதனால வரைபடத்துல முதல்ல அந்தக் காலத்துக் கடல்மட்ட உயரத்தைக் கோடா இழுக்கணும். அந்தக் கோட்டுல காத்து படாத சின்னக் குடா, படகு ஏத்த சரளைத் திட்டு எங்கேன்னு பார்க்கணும். அங்கே அரை மீட்டர்ச் சதுரக் குழிகள் தோண்டி மண்ணைச் சலிக்கணும். எலும்பை எதிர்பார்க்காதீங்க, அமில மண் தின்னுடும். கல் சில்லும் கருகினதும்தான் மிஞ்சும்.

ஒரு பொறி இருக்கு. அந்த உயரம் சொல்றது, "இதுக்கு முன்னாடி இங்கே தண்ணி"ன்னு மட்டும்தான். 2,000 வருஷம் கழிச்சு யாராவது அதே இடத்துல தங்கியிருக்கலாமே? அதான் கார்பன் தேதி. விறகுக் கரியைவிடக் கருகின ஹேசல் கொட்டை ஓடு நல்லது. விறகு கிழட்டு மரமா இருக்கலாம், கொட்டை ஒரு வருஷத்துது.

1913ல, பின்லாந்து-ரஷ்யா எல்லைப் பக்கம் இருக்கிற கரேலியாவுல, அன்ட்ரியா ஊர்ப் புல்வெளியில கால்வாய் வெட்டினப்ப ஒரு மீன்வலை கிடைச்சுது. வில்லோ மரநார், கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளம், பைன் பட்டை மிதவைங்க, 31 கல் குண்டு. வயசு 10,000 வருஷத்துக்கு மேல. தண்ணிக்குள்ள முழுகின வலை புல்வெளியில! மறுபடி அதே பல்லவி.

இந்தக் கோடு இழுக்கிற வழி எல்லா இடத்துலயும் பலிக்காது. நார்வேயோட தென்மேற்குக் கரையில நடுவுல கடல் தரையை முந்திடுச்சு, முகாம்கள் கடற்கரைச் சரளைக்கடியில புதைஞ்சுடுச்சு. பின்லாந்து சைமா ஏரியில வடமேற்குப் பக்கம் வேகமா எழும்பிச்சு, தாம்பாளத்தைச் சாய்ச்ச மாதிரி தண்ணி தென்கிழக்கே ஏறுச்சு. வுவோக்ஸி ஆறு உடைச்சுக்கிட்டு ஓடினப்புறம்தான் மட்டம் இறங்குச்சு.