ஐந்து பேர் ஜெயித்தால் யாருக்கு எவ்வளவு?

(மன்னார்குடியில் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. படிக்க வசதியாகக் கொஞ்சம் ஒழுங்கு செய்திருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பு செல்போன் விளையாட்டைப் பற்றியது. முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து போய்விடக் கூடாதே என்று கோயிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கிருந்து நீடாமங்கலம் போகிற வழியில் பூவனூர் இருக்கிறது. அப்பர் பாடிய தலம். சுவாமியின் பெயர் சதுரங்க வல்லபநாதர். அரசன் மகளோடு சதுரங்கம் ஆடி, ஜெயித்து, அவளை மணந்துகொண்டார் என்பது தலபுராணம். அந்த ஆட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். யாரால் தோற்றோம் என்று சண்டை போட ஆளே இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் ஆடும் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு நாலு பேர், ஐந்து பேர். தோற்றவுடன் முதல் வார்த்தையே 'டீம்மேட் சரியில்லை' என்பதுதான்.

அந்தச் சண்டையைக் கணக்கு எப்படித் தீர்க்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம். ஆனந்த், குகேஷ் பெயர்களோடு பேப்பரில் ஒரு நாலு இலக்க எண் வருகிறதே, அதன் மூலவர் ஆர்பத் எலோ. ஹங்கேரியில் பிறந்தவர், அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. ஆட்டம் தொடங்கும் முன்பே கணக்கு ஒரு ஆரூடம் சொல்லிவிடும். ஒருவருக்கு 1700, இன்னொருவருக்கு 1500 என்றால், இருநூறு புள்ளி இடைவெளி. டிராவை அரை வெற்றியாக எண்ணினால், நூறு ஆட்டத்தில் பெரியவருக்குக் கிடைக்க வேண்டியது 76 வெற்றி. இடைவெளி 400 ஆனால் 91. ஆட்டம் முடிந்ததும், சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் புள்ளியாக மாறுகிறது. ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 20 புள்ளி என்று வைத்துக்கொண்டால், 1700 ஜெயித்தால் அவருக்கு ஐந்து புள்ளிகூட முழுசாகக் கிடைக்காது. தோற்றால் பதினைந்துக்கு மேல் போய்விடும். சின்னவர் ஜெயித்தால் அதே பதினைந்து அவருக்கு வரும்.

நீங்கள் எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று இந்தக் கணக்கு கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'என் ஆரூடம் எவ்வளவு தப்பியது?' என்று தன்னைத்தான் கேட்டுக்கொள்கிறது. ரேங்கைக் கூலியாக நினைப்பதிலிருந்துதான் பாதி மனவருத்தம் கிளம்புகிறது என்பது என் அபிப்பிராயம்.

சரி, குழு ஆட்டத்துக்கு வருவோம். பத்துப் பேர் நாற்பது நிமிஷம் ஆடுகிறார்கள். கணக்குக்குக் கிடைப்பது ஒரே ஒரு தகவல்: எந்தப் பக்கம் ஜெயித்தது. இதை வைத்துப் பத்துப் பேரின் திறமையையும் அளக்க வேண்டும்.

நம் ஊரில் இந்தச் சிக்கல் புதிதில்லை. இப்போது மிஷின் நடவு வந்துவிட்டாலும், குறுவைக்குக் குத்தகையாக நடவு பிடிக்கும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி இறங்குவார்கள், சாயங்காலம் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். வரப்பில் நிற்பவருக்குத் தெரிவது எவ்வளவு நட்டு முடிந்தது என்பது மட்டும்தான். யார் கை வேகம், யார் கை மெது என்று ஒரு நாளில் அவரால் சொல்ல முடியாது. ஆனால் தினமும் ஆட்கள் மாறி மாறி இறங்கினால்? குறிப்பிட்ட ஒரு அக்கா வந்த நாளில் எல்லாம், கூட யார் இருந்தாலும், மூன்று மணிக்கே கரையேறிவிடுகிறார்கள் என்றால் விஷயம் தெரிந்துவிடும். மற்றவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மாறாதது அந்த அக்கா மட்டும். ஒரே குழு ஒரு மாற்றமும் இல்லாமல் சீசன் முழுக்க இறங்கினால் கடைசிவரை தெரியாது.

இதைச் சூத்திரமாக எழுதியது மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம். 2005இல் அந்த நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுக் கருவிக்காக வந்த அந்த முறையின் பெயர் ட்ரூஸ்கில். அணியின் பலம் என்பது அதில் இருப்பவர்களின் பலத்தைக் கூட்டி வருவது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போதாது, இரண்டு வேண்டும்: இவர் திறமை இவ்வளவு என்று ஒன்று, அதில் எனக்கு எவ்வளவு சந்தேகம் என்று இன்னொன்று. சந்தேகத்தைச் சேர்க்கும் யோசனையை அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1995இல், மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர் சதுரங்கத்துக்காகச் செய்திருந்தார். அவர் முறைக்குப் பெயர் கிளிக்கோ. டோட்டா 2 விளையாட்டு 2023இல் அதற்கு மாறியது.

ட்ரூஸ்கில்லில் புதிதாக வருபவருக்குத் திறமை 25, சந்தேகம் எட்டும் சொச்சமும். வெளியே காட்டும் எண்ணோ, திறமையிலிருந்து சந்தேகத்தைப் போல மூன்று மடங்கைக் கழித்தது. இருபத்தைந்தில் இருபத்தைந்து போனால் பூஜ்யம். ஆக, அந்தப் பூஜ்யத்துக்கு 'நீ மோசம்' என்று பொருளில்லை. 'உன்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது' என்று பொருள். நீங்களும் புதிதாக வந்த நண்பனும் சேர்ந்து ஜெயித்தால் அவனுக்கு எக்கச்சக்கமாக ஏறும், உங்களுக்குக் கொஞ்சம்தான் ஏறும். அதற்கும் இதுவே காரணம். அவன் மேல் சந்தேகம் அதிகம், அதனால் எண் வேகமாக நகர்கிறது. 'நான்தானே கேரி பண்ணினேன்', அதாவது டீமையே சுமந்தேன் என்று கணக்கோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

எத்தனை ஆட்டம் ஆடினால் ஒருவரின் தரம் தெரியவரும்? ட்ரூஸ்கில்காரர்களே ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒற்றைக்கு ஒற்றை என்றால் சுமார் 12. நாலு பேர் அணிகள் இரண்டு மோதினால் 46. எட்டுப் பேர் அணிகள் என்றால் 91. இதுவும் குறைந்தபட்சக் கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை எட்டு மேட்ச் தோற்றுவிட்டு 'இந்த கேமே சரியில்லை' என்று அன்இன்ஸ்டால் செய்யும் தம்பிகள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். வயலில்தான் யார் எத்தனை நாற்று முடி நட்டார்கள் என்று எண்ண முடியாது. கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியுமே? கில் (எதிரியை வீழ்த்தியது) எத்தனை, அசிஸ்ட் (வீழ்த்த உதவியது) எத்தனை என்று பார்த்து ஆளாளுக்கு மார்க் போட்டால் என்ன? போடலாம். சில விளையாட்டுகள் போடவும் செய்கின்றன. 2018இல் வந்த ட்ரூஸ்கில் 2 தனிநபர் விவரங்களையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஆபத்து இருக்கிறது. எதற்கு மார்க் என்று தெரிந்துவிட்டால் ஆள் அதற்காகத்தான் ஆடுவான். கில்லுக்குப் புள்ளி என்றால், குண்டை வைக்க வேண்டியவன் அதை விட்டுவிட்டு எதிரியைத் துரத்துவான். அடிபட்டுக் கிடக்கும் கூட்டாளியைத் தூக்கிவிட எவன் வருவான்? பிஜிஎம்ஐ என்ற செல்போன் துப்பாக்கி விளையாட்டு மாதிரி நூறு பேர் இறங்கும் ஆட்டத்தில் கடைசிவரை உயிரோடு இருப்பதற்குப் புள்ளி உண்டு. உடனே என்ன நடந்தது? புல்லுக்குள் படுத்துக்கொண்டு ரேங்க் ஏற்றும் ஒரு சம்பிரதாயமே உருவாகிவிட்டது! துப்பாக்கி எடுக்காமலே உச்சிக்குப் பக்கத்தில் போய்விடுகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் குருட்டுத்தனமாக இருந்தாலும் வெற்றி, தோல்வியை மட்டும் பார்க்கும் முறையே நல்லது என்று நான் நினைக்கிறேன். வெற்றியை மட்டும் கேட்டால் ஏமாற்ற வழி குறைவு.

அடுத்தது, திரையில் தெரியும் பட்டங்கள். பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்று போய், பிஜிஎம்ஐயில் ஏஸ், அதற்கும் மேலே கான்கரர். கான்கரர் என்பது முதல் 500 பேருக்கு மட்டும். பல விளையாட்டுகளில் இந்தப் பட்டம் வேறு, உள்ளே ஓடும் எண் வேறு. உள்ளே இருப்பதை எம்எம்ஆர் என்பார்கள். யாரை யாரோடு கோர்ப்பது என்பதை முடிவு செய்வது அதுதான். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆரம்பத்தில் எண்ணையே காட்டினார்கள். 2013இல் அதை மறைத்துப் படிநிலைகளைக் கொண்டுவந்தார்கள். சீசன் முடிந்ததும் பட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி ஏறச் சொல்வதும் உண்டு. உங்கள் திறமை ஒரே ராத்திரியில் குறைந்துவிடவில்லை. கடைக்காரர் நீங்கள் திரும்ப வர வேண்டும் என்று விரும்புகிறார், அவ்வளவுதான்.

'பாதி ஜெயிக்கிறேன், பாதி தோற்கிறேன், வேண்டுமென்றே மொக்கை டீமைப் போடுகிறார்கள்' என்ற புகாருக்கு வருகிறேன். சமபலமுள்ள எதிரியைத் தேடித் தருவதுதான் அந்த இயந்திரத்தின் வேலையே. அது தன் வேலையைச் சரியாகச் செய்தால் நீங்கள் பாதிதான் ஜெயிக்க முடியும். எப்போது பாதிக்கு மேல் ஜெயிப்பீர்கள்? உங்கள் திறமை கணக்கின் ஆரூடத்தை முந்திக்கொண்டு ஓடும்போது. மொக்கை டீம்மேட் விஷயத்துக்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் உங்களைத் தவிர ஒன்பது பேர். நடுவில் ஓடிப்போகிற ஆள் ஒருவன் இருந்தால், அவன் உங்கள் பக்கம் இருக்க நாலு இடம், எதிர்ப்பக்கம் இருக்க ஐந்து இடம். நீங்கள் ஓடாதவராக இருந்தால் கணக்கு உங்கள் பக்கம்தான் சாய்கிறது.

கரண்ட் போய், வைஃபை போய் ஆட்டம் நின்றால்? அந்தப் பாவம் நம் தலையில்தான். கரண்ட் கட்டா, கோபத்தில் வெளியேறினானா என்று கணக்குக்குத் தெரியாது. மழைக்காலத்தில் ரேங்க் ஆடாதீர்கள் என்று நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது அதனால்தான்.

பேச்சு முடிந்ததும் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "ரேங்க் ஏத்தித் தரேன்னு ஒருத்தன் காசு கேக்கறானாம். பையன் குடுக்கலாமான்னு கேக்கறான். என்னங்க சார் பண்றது?"

இதற்கு பூஸ்டிங் என்று பெயர். கெட்டிக்காரன் ஒருவன் உங்கள் பையனின் அக்கவுண்டில் நுழைந்து ஆடி ஏற்றிவிடுவான். தென்கொரியாவில் இதைத் தொழிலாகச் செய்வது 2019இலிருந்து சட்டப்படி குற்றம், சிறைகூட உண்டு. சட்டத்தை விடுங்கள் அம்மா, நடக்கப்போவதைச் சொல்கிறேன். பாஸ்வேர்டு அவன் கைக்குப் போகும். நிறுவனம் கண்டுபிடித்தால் அக்கவுண்டை முடக்கும். கண்டுபிடிக்கவில்லை என்றாலும், மறுநாளிலிருந்து உங்கள் பையன் தன்னைவிடப் பெரிய ஆட்களோடு மோத வேண்டும். தினமும் தோற்பான். கூட ஆடும் நாலு பேரும் திட்டுவார்கள். கொஞ்ச நாளில் பழைய இடத்துக்கே வந்து நிற்பான், காசு மட்டும் திரும்பி வராது. கேட்டுவிட்டு அந்த அம்மா பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு பையன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.