மாத்திரை வந்து சேரும் வழி

நேயர்களுக்கு வணக்கம். சமூகப் பிரச்சினைகளுக்கு நடைமுறைத் தீர்வுகள் என்ற இந்த வரிசையில் பேச அழைத்தபோது, ஊழலைப் பற்றிப் பேசுகிறீர்களா, ஏழைகளின் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசுகிறீர்களா என்று நிலையத்தில் கேட்டார்கள். இரண்டையும் ஒரே மாத்திரை அட்டையை வைத்துப் பேசிவிடலாம் என்றேன். நான் அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து கொடுக்கும் ஜன்னலும் அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமும்தான் எனக்குத் தெரிந்த உலகம். அங்கிருந்தே பேசுகிறேன்.

இன்று அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். 1990-களின் தொடக்கத்தில் இந்த அட்டையே கிடையாது. ஆயிரம் மாத்திரை கொண்ட டப்பா வரும். தட்டில் கொட்டி எண்ணி, பழைய பேப்பரில் மடித்துக் கொடுப்போம். இருமல் மருந்துக்கும் வயிற்று மருந்துக்கும் நோயாளியே வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர வேண்டும். மழைக்காலத்தில் ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி மூக்கில் ஏறும். ஈரம் பட்டு மருந்து கெட ஆரம்பித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அப்படியிருந்தும் அது இருந்த நாள் நல்ல நாள். பாதி நாட்களில் 'ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க' என்பதுதான் எங்கள் பதில்.

உதிரி மாத்திரையில் இன்னொரு வசதியும் இருந்தது. அது யாருடையது என்று அதன் மேல் எழுதியிருக்காது. ஆஸ்பத்திரி டப்பாவில் இருந்ததா, எதிர்க் கடையில் இருந்ததா என்று எந்த போலீஸாலும் நிரூபிக்க முடியாது. மருந்து எப்படிக் காணாமல் போனது என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கொள்முதலும் அதே லட்சணம்தான். ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு இயக்குநரகத்தின் கீழ், மாவட்ட ஆஸ்பத்திரி இன்னொன்றின் கீழ், மருத்துவக் கல்லூரி மற்றொன்றின் கீழ். அவரவர் கணக்கு அவரவருக்கு. மருந்து கொடுத்த கம்பெனி பணத்துக்காக மேசை மேசையாக ஏறி இறங்க வேண்டும். அதனால் நல்ல கம்பெனிகள் டெண்டர் பக்கம் தலை வைத்தே படுக்காது. வந்த கம்பெனிகளோ, தாமதத்துக்கான வட்டியையும் மேசைகளைக் 'கவனிக்கும்' செலவையும் சேர்த்தே விலை போடும்.

1994 ஜூலையில், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் அரசு நிறுவனமாகத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது. 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. இதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் பூர்ணலிங்கம் என்ற ஐஏஎஸ் அதிகாரி. கழகம் செய்தவற்றைத் தனித்தனியாகக் கேட்டால் சப்பென்றுதான் இருக்கும். எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வாங்குவது. நூற்றுக்கணக்கான பிராண்டுகளை விட்டுவிட்டு, இருநூற்றுச் சொச்சம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, பிராண்ட் பெயரில்லாத ஜெனரிக் மருந்தாக வாங்குவது. ஏஜெண்டுகளை ஒதுக்கிவிட்டு, தயாரிப்பாளரிடம் மட்டும் டெண்டர் கேட்பது. தொழில்நுட்பத் தகுதிக்கு ஒரு உறை, விலைக்கு ஒரு உறை. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாவது உறையைத் திறக்கவே மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி பரிசோதனைதான். மாவட்டக் கிடங்குக்கு வந்து இறங்கும் பெட்டிகள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாது, தனியாக ஒதுக்கி வைக்கப்படும். ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கே கம்பெனியின் பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண்ணைப் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யார் மருந்தைச் சோதிக்கிறோம் என்று ஆய்வகத்துக்கே தெரியாது. தெரியாதவருக்காக யார் பரிந்து பேச முடியும்? தேறினால் பெட்டி நகரும், தேறாவிட்டால் கம்பெனிக்கே திரும்பும். 'கவர்மெண்ட் மாத்திரை வேலை செய்யாது' என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். விலை குறைவதற்குக் காரணம் மொத்தக் கொள்முதல், விளம்பரச் செலவு இல்லாதது, கடைக்காரர் கமிஷன் இல்லாதது.

அப்புறம் பாஸ்புக். வேடிக்கையாக இருக்கும், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரியே ஒன்று கொடுத்தார்கள். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று அதில் வரவு இருக்கும். கிடங்குக்குப் போய் மருந்து எடுத்தால் அந்தத் தொகை கழியும். முன்பெல்லாம் பத்தாயிரம் வேண்டுமானால் இருபதாயிரம் என்று இண்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், எழுதுவோம். எப்படியும் பாதியாக வெட்டுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள் கூட்டி எழுதுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியும். இப்போது கூட்டி எழுதினால் நம் கணக்கில்தான் கழியும். வேண்டாத மருந்தை எடுத்து எக்ஸ்பயரி ஆகவிட்டால் நமக்கே நஷ்டம். வயல்காட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி பாம்புக்கடி மருந்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம், பிரசவம் அதிகம் பார்க்கும் இடம் அதற்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எதை எவ்வளவு எடுப்பது என்ற முடிவு ஆஸ்பத்திரியின் கையில், விலைப் பேச்சு கழகத்தின் கையில். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தபோதுதான் வம்பு வந்தது.

பரிசோதனையில் தேறிய மருந்துக்குக் குறித்த காலத்தில் பணம் கொடுத்துவிடுவது என்ற ஏற்பாட்டை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் மொத்தத் திட்டத்துக்கும் அச்சாணி அதுதான். பணம் வரும் என்று நம்பிக்கை வந்ததும் கம்பெனிகள் விலையைக் குறைத்தன. மேசைகளைக் கவனிக்க வேண்டிய வேலையும் போயிற்று. லஞ்ச ஒழிப்புக் கருத்தரங்குகளில் சட்டம், தண்டனை, ஒழுக்கம் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். பில்லை நேரத்துக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசியவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

நல்லவர்கள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று டிவி விவாதங்களில் சொல்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1995-க்கு முன்பும் பின்பும் என்னோடு வேலை பார்த்தவர்கள் அதே ஆட்கள்தான். அதே டாக்டர்கள், அதே குமாஸ்தாக்கள், அதே லாரி. மாறியது வழிமுறை மட்டும்தான். அட்டையில் அரசு முத்திரை விழுந்ததும் எதிர்க் கடைக்காரர் வாங்கப் பயந்தார். அவர் யோக்கியராகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன்.

கேரளம் 2007-இல் இதைப் பார்த்துத் தன் கழகத்தை உருவாக்கியது. ராஜஸ்தான் 2011-இல் கழகம் அமைத்து, அதே ஆண்டு அக்டோபர் 2-இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. இதை எடுத்துக்கொள்ள நினைக்கும் எந்த மாநிலத்துக்கும் ஒன்று சொல்வேன். பெயர்ப்பலகை எளிதாக வந்துவிடும். பணம் கொடுக்கும் அதிகாரத்தைச் செயலகம் விடாமல் பிடித்துக்கொண்டால், பழைய மேசைகள்தான் புதிய கட்டடத்துக்குக் குடிவரும்.

குறை இல்லையா? இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வாங்கினால், ஒரு கம்பெனி சொதப்பும்போது மாநிலம் முழுக்க அந்த மருந்து இருக்காது. அதற்காகத்தான் மருந்து நிதியில் சுமார் 10 சதவீதத்தை ஆஸ்பத்திரியே உள்ளூரில் வாங்கிக்கொள்ள ஒதுக்கி வைத்தார்கள். இன்று சுமை வேறு மாதிரி கூடியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே போகின்றன. காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை கிடைக்காவிட்டால் கடையில் வாங்கிச் சமாளிக்கலாம். சுகருக்கான மெட்ஃபார்மினும் பிரஷருக்கான அம்லோடிபினும் மாதம் தவறாமல், ஆயுசுக்கும் வேண்டும். இந்தத் தேவையை முன்கூட்டியே கணக்கிடுவதுதான் கழகத்துக்கு இப்போதுள்ள பெரிய வேலை. போன வருஷக் கணக்கோடு கொஞ்சம் கூட்டிப் போடும் பழைய முறை இதற்குப் போதாது.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று சொன்னால் சண்டை போடாதீர்கள், கேள்வி கேளுங்கள். இந்த மருந்து பட்டியலில் உள்ளதா? கிடங்கில் இல்லையா, நீங்கள் எடுத்து வரவில்லையா? லோக்கல் பர்ச்சேஸில் வாங்க முடியுமா? மருந்தாளுநரிடம் பதில் இல்லாவிட்டால் மருத்துவ அலுவலரிடம் கேட்கலாம். 104 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் புகார் சொல்லலாம். அப்போது அட்டையில் உள்ள மருந்தின் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். 'வெள்ளை மாத்திரை வரவில்லை' என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. கிடங்கில் பாதிக்கு மேல் வெள்ளை மாத்திரைதான்.

நன்றி, வணக்கம்.